இடிபாடு எங்கே போகும் என்று முதலில் கேட்டவர்

எங்கள் பழைய வீட்டைச் சீரமைத்துக் கொடுத்த ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். வேலை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன். சுவர் எப்படி என்பதைச் சுவர்தான் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு வருடமாவது ஆகும்.

நிறுவனத்தில் மொத்தம் முப்பது பேருக்குள்தான் இருப்பார்கள். நடத்துபவர் ஒரு பெண் பொறியாளர். கட்டுமானத் துறையில் இருபத்தேழு வருட அனுபவம். "என் பெயரைப் போட வேண்டாம் டீச்சர், வேலையைப் பற்றி எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லை. நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்துமா தொந்தரவும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்துதான் நான் எதையெல்லாம் கவனித்தேன் என்பதைத் தீர்மானித்தன.

வீட்டின் வயது எழுபதுக்கு மேல். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஈரம் ஏறி, பூச்சு உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை சுரண்டிப் பெயிண்ட் அடிப்போம், ஆறே மாதத்தில் மறுபடியும் உதிரும். இவரிடம் போவதற்கு முன் வேறொரு ஒப்பந்ததாரர் வந்து பார்த்தார். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிடுங்க, இதுக்குச் செலவு பண்றது வீண்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தப் பொறியாளர் முதல் நாள் இரண்டரை மணி நேரம் இருந்தார். ஒரு சின்னச் சுத்தியல், ஈரம் பார்க்கும் கருவி, ஒரு நோட்டு, அவ்வளவுதான் கொண்டுவந்தார். சுவரைத் தட்டித் தட்டி, சத்தம் மாறும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். யார் எந்த அறையில் தூங்குகிறீர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், அந்தக் காற்று போகிற பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்டது வேறு. "வேலை ஆரம்பிச்சா இங்கேருந்து நிறைய இடிபாடு வரும். அது எங்கே போய்ச் சேரும்னு யோசிச்சீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. லாரியில் ஏற்றினால் போய்விடும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

சுவரின் நோய் என்ன என்று அவர் விளக்கியதைச் சொல்ல வேண்டும், பழைய வீடு வைத்திருக்கும் பலருக்கும் இது உதவும். சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை வெளியே விட்டுவிடும். எங்கள் சுவரின் மேல் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசி, அதற்கு மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறது. சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் மேலே போட்ட சட்டைதான் தப்பு என்றார். சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்புப் பூச்சே பூசுவது, இரண்டு கதவு நிலைகளுக்கு மேலே விரிசல் கண்ட லிண்டல்களை மாற்றுவது, கூரையில் துருப்பிடித்த கம்பிகளைச் சுத்தம் செய்து மூடுவது, குளியலறையைப் புதிதாகப் போடுவது. அவர் எழுதிக் கொடுத்த வேலை இவ்வளவுதான். இடிப்பது என்ற பேச்சே இல்லை.

சிமெண்டைப் பற்றி அவர் கணக்கு போட்டுக் காட்டியபோதுதான் என் சொந்தப் பாடமே எனக்குப் புதிதாகப் புரிந்தது. 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கரியமில வாயுவும் வரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். சிமெண்ட் சூளையில் நடப்பதும் இதேதான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல், சூளையில் எரிக்கும் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லே விடுகிற வாயு. அதாவது சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு போகாது. மாணவர்களுக்கு இந்தச் சமன்பாட்டை மார்க்குக்காகச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, நாம் வாழும் வீட்டோடு சேர்த்துச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சுண்ணாம்பும் சூளையிலிருந்துதானே வருகிறது என்று நான் விடாமல் கேட்டேன். ஆமாம் என்றுதான் சொன்னார், மழுப்பவில்லை. ஆனால் சுண்ணாம்பு குறைந்த சூட்டில் வேகும், பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் இறுகும். எரிபொருள் விட்ட புகை திரும்பாது, கல் விட்டதில் பெரும்பங்கு திரும்பும். சிமெண்டே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவரும் அல்ல அவர். லிண்டலுக்கும் குளியலறைத் தளத்துக்கும் சிமெண்ட்தான் போட்டார். அதிலும் எல்சி3 என்கிற வகையைத் தேடிப் பிடித்து வரவழைத்தார். சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ப்பதால் கிளிங்கர், அதாவது சிமெண்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி, வழக்கத்தில் பாதியளவு போதும். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்க்ரிவனர் என்ற பெண் விஞ்ஞானி, கியூபா, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய சிமெண்ட் அது.

சரி, வேலை எப்படி நடந்தது?

முதலில் கட்டியது ஒரு தற்காலிகக் கழிப்பறை. வேலைக்கு வரும் பெண்களுக்கு. தகரக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று அவரே மூன்று முறை போட்டுப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருநூறு பேர் வேலை செய்த தளத்தில் அவர் ஒருவர்தான் பெண் பொறியாளராம். சித்தாள்களாகப் பெண்கள் நிறையப் பேர், ஆனால் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிய பெண்களைப் பார்த்தேன், நானும் அப்படித்தான் இருந்தேன் என்றார். அவர் தளங்களில் அதன் பிறகு இதுதான் முதல் வேலை. அவரிடம் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார்களில் பாதிப் பேர் பெண்கள். சித்தாளாக வந்து அவரிடம் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அதைத் தளத்தில் ஒரு பலகையில் எழுதியே வைத்திருந்தார்.

அடுத்தது தூசி. எனக்கு இதுதான் பெரிய பயமாக இருந்தது. செங்கல், கான்கிரீட், டைல்ஸ் எதை வெட்டினாலும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், தூசியாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். பல வருடம் சுவாசிக்கிறவர்களுக்கு சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இவர் தளத்தில் வெட்டும் கருவி எல்லாவற்றிலும் தண்ணீர்க் குழாய் இருந்தது. பூச்சை உரிக்கும் முன் சுவரை நனைப்பார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று அதை மட்டும் ஈரமாகவே சுரண்டித் தனிப் பையில் கட்டினார்கள்.

ஒரு நாள் மாலை, அவசரத்தில் ஒருவர் இரண்டு டைல்ஸைத் தண்ணீர் இல்லாமல் வெட்டிவிட்டார். பொறியாளர் சத்தம் போடவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், விளக்கை அணைத்தார், ஒரு டார்ச்சை அறைக்குக் குறுக்கே பிடித்தார். அந்த ஒளிக்கற்றை முழுக்கத் துகள் மிதந்தது, அடர்த்தியாக, மெதுவாகச் சுழன்றுகொண்டு. நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதை டிண்டால் விளைவு என்று நான் பால் கலந்த தண்ணீரில் செய்து காட்டியதை அவர் கொத்தனாரின் மூச்சுக் காற்றில் செய்து காட்டினார். யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை. வெட்டியவர் தானாகவே போய் முகக்கவசம் எடுத்து மாட்டிக்கொண்டார். "கவசம் இரண்டாவது அண்ணே, தண்ணிதான் முதல்ல" என்றார் பொறியாளர்.

இனி இடிபாட்டு நோட்டு. இந்த நிறுவனத்தை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் சொல்வது அதைத்தான். வாசல் பக்கம் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் தேதி, நேரம், உள்ளே என்ன, எவ்வளவு, எங்கே இறக்க வேண்டும் என்று எழுதுவார்கள். இறக்கிய இடத்தில் கையெழுத்தும் ஒரு போட்டோவும் வரவேண்டும். எங்கள் வீட்டில் மொத்தம் பதினோரு லாரி. முழுச் செங்கல் ஒன்றுகூட வெளியே போகவில்லை. சுண்ணாம்புச் சாந்து தட்டினால் விட்டுவிடும் என்பதால் கல் உடையாது, எல்லாவற்றையும் சுத்தம் செய்து கொல்லைச் சுவருக்கு வைத்துவிட்டார்கள். உடைந்த கல் பாதைக்கு அடியில் போனது. கான்கிரீட் துண்டுகள் அரைத்து ஜல்லியாக்கும் இடத்துக்கு.

ஏழாவது லாரிக்குக் கையெழுத்து வந்தது, போட்டோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் கிளம்பினார், நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். ஓட்டுநர் முதலில் மறுத்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு இடத்தைக் காட்டினார். தாழ்வான ஒரு நிலம். அதை ஒட்டி நாற்பது ஐம்பது குடிசைகள். மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் ஊரின் இடிபாடெல்லாம் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலின் ஓரத்தில் எங்கள் வீட்டு நீல நிறப் பூச்சுத் துண்டுகளைப் பார்த்தேன். என் மகன் படித்த அறையின் நிறம் அது. பக்கத்தில் ஒரு குழந்தை அந்தத் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

குடிசை வாசலில் இருந்த ஒரு பெரியம்மாவிடம் பொறியாளர் போய் மன்னிப்புக் கேட்டார். "இது எங்க லாரி அம்மா, இன்னைக்கே எடுத்துடுறோம்" என்றார். அந்த அம்மா ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போறவங்கள இப்பதான் பார்க்கிறேன்" என்றார். மாலைக்குள் எங்கள் குவியல் முழுவதும் திரும்ப ஏற்றப்பட்டது, கூடவே அடியில் கிடந்த மற்றவர்களின் குப்பையும் கொஞ்சம். அதற்கான செலவை என் பில்லில் சேர்க்கவில்லை. ஓட்டுநரை வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. தொலைவுக்கு ஏற்ற வாடகை கொடுக்காமல் இருந்தது எங்கள் தப்பு என்று, அடுத்த லாரியிலிருந்து தொகையைக் கூட்டினார்.

திரும்பி வரும் வழியில்தான் தன் கதையைச் சொன்னார். முதல் பதினொரு வருடம் உயரமான கட்டடங்கள் மட்டும் கட்டியிருக்கிறார். ஒரு முறை கணக்கு சரிபார்க்க இடிபாட்டு லாரியின் பின்னால் போனபோது இதே மாதிரி ஒரு பள்ளத்தைப் பார்த்தாராம். கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்க அவர் அப்போது ராத்திரி பகலாக உழைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிடவில்லை, இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருந்து தூசி, தண்ணீர், இடிபாடு மூன்றுக்கும் விதிகளை எழுதி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்.

அவர் அலுவலகச் சுவரில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று ஹேசல் ஜான்சன். சிகாகோவில் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த கருப்பினப் பெண். சுற்றிலும் குப்பை மேடுகளும் ஆலைகளும் இருந்த இடம், அதை அவர் நச்சு வளையம் என்று அழைத்தார். கணவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்த பிறகு, வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று எழுதத் தொடங்கினார். அந்த வீடுகளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்றப் போராடினார். சுற்றுச்சூழல் நீதியின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். இன்னொரு படம் பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி. பெரிய அலுவலகக் கட்டடங்கள் கட்டிப் பெயர் வாங்கியவர், 2000-இல் அந்தத் தொழிலை நிறுத்தினார். 2005 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண், சுண்ணாம்பு, மூங்கில் வைத்து ஏழைகள் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடுகளைச் சொல்லிக்கொடுத்தார். கட்டடக் கலைக்கான பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் 2023-இல் அவருக்குக் கிடைத்தது. "ஒருத்தர் எழுதினாங்க, ஒருத்தர் கட்டினாங்க. எனக்கு ரெண்டும் வேணும்" என்றார் எங்கள் பொறியாளர். இடிபாட்டு நோட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை ஏழு வாரம் தாமதம். பூச்சு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் ஈரத்தோடு மெல்ல இறுக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. இது எனக்குப் பிறகு புரிந்தது, ஆனால் ஒப்பந்தம் போடும்போதே அந்த நாட்களைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் அடுக்கு ஒரு சுவரில் வறண்ட காற்றில் வெடித்து, முழுக்கச் சுரண்டி மறுபடி பூசினார்கள். குளியலறைத் தரையின் வாட்டம் தப்பு, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது. சொன்னதும் வந்து உடைத்துச் சரிசெய்தார்கள், ஆனால் தரை போடும் முன்பே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் இந்த வேலையே மிச்சம். மின் இணைப்பு வரைபடம் என் கைக்கு வர நாலு முறை நினைவுபடுத்தினேன்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று. எல்லாமே அவர் ஒருவரைச் சுற்றி நிற்கிறது. அவர் வெளியூர் போன இரண்டு வாரமும் தளம் தூங்கியது. முடிவெடுக்க அடுத்த ஆள் இல்லை. இருபத்தேழு வருடத்தில் கற்றது அவர் தலையிலும் அந்த நோட்டுகளிலும் மட்டும் இருக்கக் கூடாது. அவருடைய தளங்களில் வளர்ந்த பெண்களில் யாராவது ஒருவரை முழுப் பொறுப்பில் நிறுத்துங்கள் என்று நேரிலும் சொன்னேன். "அதுக்குத்தான் நேரமே கிடைக்கல டீச்சர்" என்றார். நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இது அவருக்கு மட்டுமான விஷயம் இல்லை.

சீக்கிரம் குடிபுக வேண்டும், கண்ணாடி மாதிரி வழவழப்பான சுவர் வேண்டும் என்பவர்களுக்கு இந்த நிறுவனம் ஒத்துவராது. பழைய வீட்டை வைத்துக்கொண்டு இடிக்க மனமில்லாதவர்கள், வீட்டில் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையை எதற்குக் குறைத்தேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

மழைக்காலம் முழுக்கச் சுவரின் அடிப்பகுதியைத் தினமும் தொட்டுப் பார்த்தேன். உதிரவில்லை, உப்பு பூக்கவில்லை. கோடையில் உள்ளறை முன்பைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது. ராத்திரியில் இன்ஹேலரைத் தேடி எழுந்திருப்பது ரொம்பவே குறைந்திருக்கிறது.

ஒரு வருடம் கழித்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள், சொன்ன மாதிரியே வந்தார்கள். பொறியாளர் வரவில்லை, பூச்சு பூசிய கொத்தனார் பெண்தான் நோட்டோடு வந்தார். அலமாரிக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டைப் பெயர்த்துத் தட்டில் வைத்து, "டீச்சரம்மா, நீங்களே ஊத்துங்க" என்று ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். பினாப்தலீன். சுண்ணாம்பு இன்னும் காரமாக இருக்கும் இடத்தில் சிவக்கும், கரியமில வாயுவை எடுத்து இறுகிவிட்ட இடத்தில் நிறமே வராது. இரண்டு சொட்டு விட்டேன். ஓரமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது, நடுவில் மட்டும் மெல்லிய கோடாக இளஞ்சிவப்பு. அவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, "நாலு மில்லிமீட்டர் பாக்கி" என்று எழுதிக்கொண்டு, பெயர்த்த இடத்தைக் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்து அடைத்தார்.